பிலிமத்தலாவையில் இருபத்துமூன்று நிமிடம்

கஜனி அழாததற்கு ஒரே காரணம், அழ நேரமில்லை என்பதுதான். பிலிமத்தலாவை மருந்துக் களஞ்சியத்தின் யுனிக்ஸ் சேர்வர் செத்து இது நான்காம் நாள். கண்டிக் கடையிலிருந்து வரும் ஓடர்களை வாங்கி அச்சடிப்பது அதன் ஒரே வேலை. புதுவருஷ லீவு முடிந்த அன்றிலிருந்து ஒவ்வொரு ஓடரையும் வாங்கிய மாத்திரத்தில் புரோகிராம் படுத்துவிடும். சாகும்போது சொல்லும் வாக்குமூலம் ஒரே வரி: செல்லாத மதிப்பு. எந்த மதிப்பு, யாரிடம் கேட்டது, ஏன் செல்லாது? மூச்சில்லை.

கண்டி மாவட்டத்து இருமல் அத்தனையும் அவள் தலையில் வந்து இறங்கியது போலிருந்தது. கேபிள் மாற்றினாள். மெமரி கழற்றித் துடைத்தாள். அந்தப் பதினோராயிரம் வரிப் புரோகிராமை, பரீட்சைக்குப் படிப்பவள் மாதிரி, தேநீர் ஆறி ஆடை கட்டும்வரை படித்தாள். ஒன்றும் அசையவில்லை. காலையில் முதலாளி சண்முகநாதன் கண்டியிலிருந்து போனில் முடிவாகச் சொல்லிவிட்டார். "நாலு மணிக்குள்ள சரியாகலைன்னா கொழும்பு கொம்பனிக்குக் குடுத்துர்றேன். நீங்க வீட்டுல ரெஸ்ட் எடுங்க பிள்ள." வீட்டில் அவள் சம்பளத்தை நம்பி நாலு பேர், ரெஸ்ட்டை நம்பி ஒருவருமில்லை.

புரோகிராம் இயந்திரத்தின் கருவான கெர்னலிடம் என்னென்ன கேட்கிறது என்று ஒட்டுக்கேட்கும் கருவி ஒன்று உண்டு. அந்தக் கிழட்டுச் சேர்வரில் அது இல்லை. மூன்று நாள் மல்லுக்கட்டி, அன்று மத்தியானம்தான் ஏற்ற முடிந்தது. மூன்றரை மணிக்கு, புரோகிராம் சாகுமுன் கேட்ட கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள். ஓடரில் அச்சடிக்கக் குறித்த நேரம்வரை தூங்கவிடு என்று புரோகிராம் கேட்கிறது. எவ்வளவு நேரம்? கழித்தல் ஆயிரத்து முந்நூற்று இருபது வினாடி. பூச்சியத்துக்கும் கீழே தூங்குவதற்குக் கும்பகர்ணனாலேயே முடியாது. கரு மறுத்ததில் என்ன பிழை?

கண்டிக் கடை கிளார்க் மோகனராஜுக்குப் போன் போட்டாள். ஒரு ஓடர் அனுப்பி, அது எத்தனை மணிக்குப் போனது என்று ஸ்கிரீனைப் பார்த்துச் சொல்லச் சொன்னாள்.

"மூணு பன்னண்டு தங்கச்சி."

கஜனியின் கைக்கடிகாரத்தில் மூன்று முப்பத்தைந்து. இருபத்துமூன்று நிமிடம். ஒவ்வொரு ஓடரும் அச்சடிக்கத் தரும் ஒரு நிமிட அவகாசத்தைக் கழித்தால் இருபத்திரண்டு. வினாடிக் கணக்கு அப்படியே ஒட்டியது.

"அண்ணே, அந்த மணிக்கூட்டுல யாரு கை வச்சது?"

போனுக்கு அப்பால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு மோகனராஜ் மெல்ல மெல்லக் கக்கினார். லீவு முடிந்து புதுவருஷ வேலை தொடங்கும் சுபநேரம் பத்து நாற்பத்தேழு. முதலாளியோ பேராதனைச் சந்தி நெரிசலில் மாட்டி, பதினொன்று பத்துக்குத்தான் வந்தார். முதல் ஓடரில் சுபநேரம் விழுந்தே தீரவேண்டுமென்று கண்டிக் கடைச் சேர்வரின் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ள வைத்தார். அது தானாகத் திருந்திக்கொள்ளும் வசதியையும் நிறுத்தச் சொன்னார்.

"திருப்பி வைக்கட்டான்னு கேட்டேன். நல்ல நேரத்த ஏன் கலைக்கிறேங்குறாரு."

கடிகாரத்தைச் சரிசெய்ய விடும்படி கஜனி முதலாளியிடமே கெஞ்சிப் பார்த்தாள். அதைத் தொட அடுத்த சுபநேரம் நாளைக் காலைதான் என்றார். கெடு இன்று நாலு மணிதான் என்றும் சொன்னார். அந்த மனிதருக்கு இரண்டும் ஒன்றோடொன்று இடிக்கவேயில்லை.

சுவர்க் கடிகாரம் நாலு மூன்று காட்டியபோது அவள் செய்யக்கூடாததைச் செய்தாள். பிலிமத்தலாவைச் சேர்வரையும் இருபத்துமூன்று நிமிடம் பின்னுக்குத் தள்ளினாள். இரண்டு பொய்யும் கைகோத்து, மோகனராஜ் ஓடர்களை மறுபடி அனுப்பிய உடனே அச்சு இயந்திரம் நான்கு நாள் பட்டினியைத் தீர்ப்பதுபோல் கக்கத் தொடங்கியது.

முதலாளியின் போன் வந்தது. கண்டிக் கடை ஸ்கிரீனில் மணி மூணே முக்கால்தான் என்று குரலில் குழைவு.

"பாத்தீங்களா பிள்ள, நேரத்தோட முடிச்சிட்டீங்க. எல்லாம் நல்ல நேரத்துல தொடங்கின பலன்."

அவள் போனை வைத்தாள். வேலை போகாமல் தப்பிவிட்டது, ஆனால் இனி இந்தப் பொய்யை இரண்டு ஊரிலும் தினமும் காவல் காக்கவேண்டியது அவள்தான். வெளியே நாலரைக் கம்பளை பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. சேர்வரில் மணி நாலு ஏழு. அடுத்த வருஷம் முதலாளி எத்தனை நிமிடம் பிந்துவாரோ என்று நினைத்தபடி, கஜனி அச்சடித்த தாள்களை அடுக்கத் தொடங்கினாள்.