கரைந்ததா, போட மறந்ததா?

1

இந்தக் கதை ஒரு நாற்றத்தில் பிறந்தது. மறைப்பானேன்? என் அண்ணி ஆய்வுக்கூடத்திலிருந்து வீடு திரும்பினால் அழுகிய மீன் வாடை முன்னால் வரும், அவர் பின்னால் வருவார். அண்ணன் தலையைத் திருப்பாமலே எழுந்து சன்னலைத் திறப்பார். அண்ணி வேலை செய்யும் கரைப்பானின் வாடை அது.

முதல் வரியாக, "கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும்" என்று எழுதியிருந்தேன். அண்ணி படித்துவிட்டுச் சிரித்தார்.

"கல்லு கரைஞ்சிடும் தம்பி. மரக்கூழுதான் கரையாது."

வரியை அடித்துவிட்டேன்.

2

அண்ணிக்கு இருமல் நிற்கவில்லை. "அந்தக் கரைப்பானை விடுங்க, இல்ல வேலையை விடுங்க" என்றுவிட்டார் மருத்துவர். வேலையை விடுவதென்றால் அண்ணிக்குப் பாதி உயிர் போன மாதிரி. அதனால் வாடையில்லாத, ஆவியாகாத புதுக் கரைப்பான் ஒன்றைப் பிடித்தார்: அதிகச் சூடில்லாமலே திரவமாக நிற்கும் ஒருவகை உப்பு. தாள் செய்யும் மரக்கூழின் நாரான செல்லுலோஸ் அதில் கரைந்தால்தான், அதன்மேல் வேறு மூலக்கூறுகளைக் கோத்துத் தண்ணீர் ஒட்டாத தாளாக மாற்றலாம். கரையாவிட்டால் பழையதுதான் என்று மேலாளர் கறாராகச் சொல்லியாயிற்று.

3

(இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம்.) அண்ணியோடு வேலை செய்பவர் எதைச் சொன்னாலும் "ஆனா" என்றுதான் தொடங்குவார். பட்டப்பெயரும் 'ஆனா'தான். இப்படியும் ஓர் ஆளா என்று கேட்டேன். ஒவ்வொரு ஆய்வுக்கூடத்திலும் ஒருவர் உண்டாம்.

முந்தின மாலை புதுக் கரைப்பான் ஊற்றி வைத்த குடுவையை அன்று காலை அண்ணி திறந்தபோது மரக்கூழ் உருகி*

[* "உருகறது வேற தம்பி, கரையறது வேற." – அண்ணி. சரி, மறுபடி.]

குடுவைக்குள் ஒரு நார்கூட இல்லை. தெளிந்த திரவம் மட்டும். அண்ணி துள்ளிக் குதித்து… இல்லை. அவருக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. (மன்னிக்கவும், இந்தக் கதையில் எல்லாமே கரைகிறது.) கூழை எடை போட்டது நினைவிருந்தது, குடுவையில் கொட்டியது நினைவில் இல்லை.

"கூழைப் போட்டேனா நான்?"

"ஆனா, நீங்க போட்டதை நான் பாக்கலையே."

4

ஒரே வழி, தண்ணீர் ஊற்றுவது. தண்ணீர் பட்டால் கரைந்த செல்லுலோஸ் பிரிந்து வெளியே வந்துவிடும். போடவே இல்லையென்றால் ஒன்றும் வராது. அண்ணி குடுவையைப் பிடித்துக்கொள்ள, ஆனாதான் ஊற்றினார்.

வெள்ளையாக ஒரு நூல் எழுந்தது. பிறகு குடுவை முழுக்கப் பஞ்சு பஞ்சாக.

அண்ணி முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். ஆனா வாயைத் திறந்தார். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தே அண்ணி காத்திருந்தார்.

"போட்டிருக்கீங்க. கரைஞ்சிருக்கு."

அவ்வளவுதான் சொன்னார்.

5

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அண்ணிக்கு விருது, அது பொய். இன்னொன்றில் மேலாளர் மனம் கரைந்து… போதும், வேண்டாம்.

மிஞ்சியது இது. பழைய கரைப்பானை ஓரங்கட்டியபின் ஒரு மாலை. கூடத்தில் அண்ணன் நாளிதழில் மூழ்கியிருந்தார். அண்ணி அவர் பின்னால் வந்து நின்றார். இருமவில்லை. எதற்கோ திரும்பிய அண்ணன் திடுக்கிட்டார்.

"நீ எப்ப வந்த?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் இதைக் கேட்டதே இல்லை. அண்ணிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அவர் சொன்ன பதிலை நான் எழுதப்போவதில்லை, நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். சன்னலை மட்டும் யாரும் திறக்க வேண்டாம்.