எவரும் செய்யலாம்

மயிலாப்பூரில் வக்கீல் ஸ்ரீரங்கனின் அறை. லேப்டாப் திரைக்குள் நீதிபதி. இந்தப் பக்கம் நிரோஷாவும், பட்டினப்பாக்கத்தில் மீன் வியாபாரத்தைப் பாதியில் விட்டு வந்திருந்த அவள் அம்மாவும்.

நிரோஷா கண்டுபிடித்தது ஒரு மீன் பெட்டி. மூடி பூட்டியிருக்கும்வரை ஐஸ் தண்ணீர் சொட்டாது. மூடியைத் திறந்தால் அடியிலுள்ள வால்வும் திறந்து எல்லாம் வடிந்துவிடும். தண்ணீர் சொட்டுகிறதென்று இருபது வருடமாக அம்மாவை பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்ட ஊர் இது. அந்தக் கோபத்தில் பிறந்த பெட்டி.

அந்த மாதிரி மூடியும் முன்பே உண்டு, வால்வும் முன்பே உண்டு, இரண்டையும் சேர்ப்பது தொழில் தெரிந்த எவருக்கும் தோன்றக்கூடியதுதான் என்று காப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. அதை எதிர்த்துத்தான் இந்த அப்பீல்.

"விடையைப் பார்த்தபின் எல்லாமே சுலபமாகத்தான் தெரியும்" என்று ஸ்ரீரங்கன் நன்றாகவே வாதாடினார். நீதிபதியும் தலையாட்டினார். அலுவலகத்தின் வக்கீல் தமிழ்மாறன் திரையில் எழுந்து, நிரோஷாவே எழுதிய விண்ணப்பத்திலிருந்து ஒரே ஒரு வரியை வாசித்தார்: "ஏற்கெனவே உள்ள இரண்டு பொருள்களை இணைத்தாலே போதும், எவரும் எளிதாகச் செய்யலாம்."

ஸ்ரீரங்கன் மைக்கை அணைத்தார்.

"இத ஏம்மா எழுதினே?"

"காலேஜ் புராஜெக்ட்ல 'பயன்கள்'னு ஒரு பக்கம் இருக்கும் சார். அதுல இப்டி எழுதினாத்தான் மார்க்கே போடுவாங்க. உங்காத்துப் புள்ளைங்கன்னா முன்னாடியே யாராச்சும் சொல்லிருப்பாங்க. எனக்கு யாரு சொன்னா?"

அவர் மைக்கைத் திறந்து, எளிமை வேறு, எவருக்கும் தோன்றுவது வேறு என்றார். குரலில் பழைய தெம்பு இல்லை. நீதிபதி ஆங்கிலத்தில் உத்தரவைச் சொல்லத் தொடங்கினார். மனுதாரரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அப்பீல் தள்ளுபடி.

"முட்ஞ்சிச்சா? இன்னாடி சொன்னாரு?" என்றாள் அம்மா.

"நம்ம தொழில் தெரிஞ்ச யாருக்கும் இது தோணியிருக்குமாம்மா."

அம்மா முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"இருவது வருசமா மீன் விக்கிறேன். எனக்குத் தோணலியே. அப்ப எனக்குத் தொழிலே தெரியாதுன்றாரா?"

திரையில் அடுத்த கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள்.