பின்சீட்டில் சர்க்கரை மூட்டை

பிரேக்கைத் தொட்டாலே அந்த வண்டி யாரையோ கண்டு கும்பிடுவது போல முன்பக்கம் குனிந்தது. குனிந்தால் எழுந்திருக்கவும் சாவகாசமாக நேரம் எடுத்துக்கொண்டது. நெடுந்தூரம் ஓடி வயதான டூரிங் மோட்டார் சைக்கிளுக்கு இது சகஜம்தான். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் இரண்டு பக்கமும் இருக்கும் ஸ்பிரிங்குகள் வருஷக்கணக்காக அமுங்கி அமுங்கித் தளர்ந்துவிட்டிருந்தன. லிஃப்ட்காரர் அதைக் கண்டும் காணாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். தனியாகத்தானே போகிறோம், என்ன அவசரம் என்று ஓர் அலட்சியம்.

லிஃப்ட்காரர் என்றால் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். ஊரில் பாதிப் பேர் மேலே போவதும் கீழே வருவதும் அவர் தயவில்தான். அவர் குடியிருந்தது மட்டும் தரைத்தளத்தில்: இரண்டு அறை, ஒரு சமையலறை, பக்கவாட்டில் வண்டி நிறுத்தத் தகரக் கொட்டகை. மகளின் பிரசவத்துக்கென்று வெளியூர் போன மனைவி மூன்று மாதத்துக்குத்தான் பெட்டி கட்டினாள். வருஷம் மூன்று ஆகிவிட்டது. குழந்தைக்குச் சளி என்றார்கள். மகள் வேலைக்குத் திரும்பினாள். குழந்தை வேறு யாரிடமும் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. ஒவ்வொன்றும் நியாயமான காரணம். கோபித்துக்கொள்ளக்கூட அவருக்கு ஓர் ஆள் அகப்படவில்லை.

எப்போது வருகிறாய் என்று மட்டும் அவர் கேட்டதே இல்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே!

கடைசியில் ஒரு நாள் பள்ளத்தில் இறங்கிய வண்டி முன்பக்கம் தட்டி உயிரை வாங்க, பழைய வண்டிகளுக்கு ஸ்பிரிங் சுற்றித் தருபவரைப் போனில் பிடித்தார். வண்டி எது, எந்த வருஷத்துது என்றெல்லாம் விசாரித்த ஸ்பிரிங்காரர், போகிற போக்கில் கேட்டார்.

"தனியா ஓட்டுவீங்களா சார், பின்னாடி ஆள் உண்டா?"

"உண்டு." யோசிக்கும் முன்பே நாக்கு முந்திக்கொண்டது.

"அப்ப ரெண்டு பேர் எடையும் சொல்லுங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். ரெண்டு பேர் கணக்குக்குப் போட்டுட்டுத் தனியா ஓட்டினா வண்டி தூக்கித் தூக்கிப் போடும். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

தன் எடை தெரியும். அவள் எடை? வழக்கமாகப் பேசும் நேரத்தில் மனைவியைக் கூப்பிட்டார்.

"உன் எடை எவ்வளவு?"

 அந்தப் பக்கம் சிரிப்பு. "சாப்டியா, தூங்கினியா, அங்க மழையா... இதைத் தவிர நீங்க ஒரு கேள்வி கேட்டு எத்தனை நாளாச்சு! என்ன திடீர்னு?"

"வண்டிக்கு முன்னாடி ஸ்பிரிங் மாத்துறேன். ரெண்டு பேர் கணக்குக்குப் போடணும், அதான்."

சிரிப்பு நின்றது. "அம்பத்திரண்டு," என்றாள். "முன்னைக்கு இப்ப இளைச்சிருக்கேன். தினம் நடக்கிறேன்ல."

அவ்வளவுதான், லிஃப்ட்காரருக்குத் தலைகால் புரியவில்லை. வரப்போவதில்லை என்றால் எதற்கு எடையைச் சொல்கிறாள்? எட்டுப் பேர் ஏறலாம் என்று லிஃப்டில் எழுதியிருந்தால் எட்டுப் பேர் வந்தே தீரவேண்டும் என்று இல்லை. இது வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தன் விஷயம் என்று வரும்போது மனுஷனுக்குப் புத்தி விடுப்பு எடுத்துக்கொள்கிறது.

ஸ்பிரிங்குகள் வந்த மறுநாள் விடுமுறை. எஞ்சினுக்கு அடியில் ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினார். ஹேண்டில்பாரைக் கழற்றி ஒரு பக்கமாகச் சாய்த்துவைத்தார். ஃபோர்க் குழாயின் மூடியை மெல்லத் திருகி, கடைசி மரை விடுபடும்போது உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். இல்லாவிட்டால் மூடி துள்ளி மூஞ்சியைப் பதம் பார்த்துவிடும். நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டுப் பழைய ஸ்பிரிங்கை இழுத்தபோது கறுத்த ஆயில் சொட்டியது. கொட்டகை முழுக்க நாற்றம் பரவியது. புதியதை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பழையது இரண்டு விரற்கடை குட்டையாகிப் போயிருந்தது.

பழைய ஆயிலை வடித்து, புது ஆயிலை அளந்து ஊற்றி, புது ஸ்பிரிங்கை இறக்குகிற வரை எல்லாம் சுலபம். மூடியைத் திரும்பப் போடுவதுதான் பாடு. ஸ்பிரிங் மேலே தள்ள, ஒருவர் மூடியைப் பலமாக அமுக்க வேண்டும், இன்னொருவர் மரை பிடிக்கும் வரை ஸ்பேனரைத் திருப்ப வேண்டும். முன்பெல்லாம் அமுக்குவது அவள் வேலை. இப்போது துண்டை மடித்து மார்பில் வைத்து, மார்பையே ஸ்பேனரின் தலையில் முட்டுக்கொடுத்து, வண்டியைக் கட்டிக்கொண்டு தன் பாரம் முழுவதையும் இறக்கினார். வழுக்கியது. மறுபடி இறக்கினார். தெருவில் போகிறவர்கள் யாராவது பார்த்திருந்தால், இந்த ஆள் மோட்டார் சைக்கிளைக் கட்டிப்பிடித்து அழுகிறார் என்றே நினைத்திருப்பார்கள். ஒரு கை கொடுங்கள் என்று கேட்க அந்தத் தெருவில் அவருக்கு ஒருவரும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் முடித்தபோது மார்பில் வட்டமாகக் கன்றிப்போயிருந்தது.

ஓட்டிப் பார்த்தார். ஸ்பிரிங்காரர் சொன்னது சொன்னபடி நடந்தது. வண்டி எந்தப் பள்ளத்துக்கும் மசியவில்லை. ஒவ்வொரு கல்லும் மணிக்கட்டில் வந்து கணக்குக் கேட்டது. லிஃப்ட்காரர் ஒத்துக்கொள்கிற ஆளா? ஸ்பிரிங்கில் குறையில்லை, ஆள்தான் குறைகிறது என்று தீர்மானித்து நேரே மளிகைக் கடைக்குப் போனார். பிரிக்காத ஐம்பது கிலோ சர்க்கரை மூட்டை ஒன்றை இரவல் வாங்கி, பின்சீட்டில் நிமிர்த்திவைத்துக் கயிற்றால் கட்டினார்.

"யாரு சார் பின்னாடி? இனிப்பான ஆளா இருப்பாங்க போலிருக்கே!" என்றார் கடைக்காரர். "பத்திரமா கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க. மூட்டை கிழிஞ்சா நீங்கதான் பொறுப்பு."

ஊருக்கு வெளியே ஏரியைச் சுற்றிப் போகும் சாலையில் வண்டி வெண்ணெயாக ஓடியது. பள்ளத்தில் பதமாக இறங்கி, பதமாக எழுந்தது. பிரேக் பிடித்தால் அளவாகக் குனிந்தது. பழைய நாட்கள் அப்படியே திரும்பிவிட்டன. லிஃப்ட்காரர் சீட்டியடித்தார். பெரிய வளைவு ஒன்று வந்தது. "பிடிச்சுக்கோ," என்றார் உரக்க.

சொன்னது காதில் விழுந்ததும் வேகத்தைக் குறைத்தார். ஒரு மூட்டையிடம் பேசுகிற அளவுக்கு வந்துவிட்டோமே என்று அவமானமாக இருந்தது, அழுகையும் வந்தது. ஏரிக்கரையில் வண்டியை ஓரங்கட்டி, நடு ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"என்னங்க இந்த நேரத்துல? உடம்புக்கு ஏதாவதா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. நீ வரியா, வரலையா? அதை மட்டும் சொல்லு."

அவள் மென்று விழுங்கவில்லை. "எடை கேட்டப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல. நான் வரலைங்க."

"குழந்தைக்காகவா?"

"அவன் பள்ளிக்கூடத்துக்கே கிளம்பிட்டான். எனக்காகத்தான். எனக்கு இங்க பிடிச்சிருக்கு. காலையில நடக்கப் போறேன். நிக்கணும்னு தோணுற இடத்துல நிக்கிறேன். பாக்கணும்னு தோணுறதைப் பாக்குறேன்."

"நாம சேர்ந்து பாக்காததா? எத்தனை மலை, எத்தனை ஏரி..."

"நீங்க பாத்தீங்க. நான் உங்க முதுகைப் பாத்தேன்."

அவளே தொடர்ந்தாள்.

"தலையைச் சாய்ச்சா வண்டி இழுக்குது, நேரா உக்காருன்னு சொல்லுவீங்க. கல்யாணமான நாள்லேர்ந்து நேராத்தான் உக்காந்திருந்தேன்."

சண்டை போடும் குரல் இல்லை அது. அதனால்தான் அதிகம் உறைத்தது. பின்னால் அவள் உட்கார்ந்திருப்பதே தெரியாது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் அவர் பெருமை அடித்திருக்கிறார். அதைவிடப் பெரிய பாராட்டு உலகத்தில் இல்லை என்று நினைத்திருந்தார்.

"ஒரு தடவை சொல்லியிருக்கலாமே," என்றார்.

"ஓடுற வண்டியில பின்னாடி இருந்து பேசினா முன்னாடி கேக்குமாங்க?" சற்றுப் பொறுத்து, "வெயில்ல நிக்காதீங்க. வீட்டுக்குப் போங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவர் போகவில்லை.  கயிற்றை அவிழ்த்தார். மூட்டையைப் பின்சீட்டிலிருந்து முன்சீட்டுக்கு நகர்த்தி, பெட்ரோல் டேங்கில் சாய்த்து நிமிர்த்திவைத்தார். அதன் பின்னால், அவள் இடத்தில், ஏறி உட்கார்ந்தார். அந்த வண்டியை வாங்கிய நாளிலிருந்து அவர் அங்கே உட்கார்ந்ததே இல்லை.

ஏரி எதிரேதான் இருந்தது. தண்ணீர் கரையில் மோதும் சத்தம்கூடக் கேட்டது. கண்ணுக்குத் தெரிந்ததோ மூட்டையின் தையல் மட்டும்தான். தண்ணீரைப் பார்க்கலாம் என்று தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். ஸ்டாண்டில் நின்ற வண்டி லேசாக ஆடியது. சட்டென்று நேராக உட்கார்ந்துகொண்டார்.