ஆறடிக்கும் ஏழடிக்கும் நடுவே

‘பூதக்கண்ணாடி’ மாமா விரலை நாக்கில் தொட்டு அப்பாவின் லென்ஸ்மேல் தேய்த்தபோது மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுவும் ஒருதடவையா? பிஸ்கட் தின்ற வாயோடு, தொட்டுத் தொட்டுத் தேய்த்தார். செதுக்கிய எண்களுக்குள் கம்பெனியே நிரப்பிய மை எச்சிலுக்கு அசையாதாம். பிற்பாடு எவனாவது பூசியிருந்தால் விரலோடு வந்துவிடுமாம். சாவு விழுந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு இதைப் பாடமாகவே நடத்திக்கொண்டிருந்தார் மனுஷன்.

கழுத்தில் எந்நேரமும் ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். அதனால் வீட்டில் அவருக்கு அதுதான் பேர். பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களுக்கான லென்ஸ்களை அப்பாவோடு சேர்ந்து வாங்கியவர். அப்பா படம் எடுக்க வாங்கினார், இவர் எழுத்தைப் பார்க்க வாங்கினார். ஒரே லென்ஸ்தான், ஒன்றில் அடிக்கணக்கு சிவப்பில் இருக்கும், இன்னொன்றில் மஞ்சளில் இருக்கும், ஒன்றில் கம்பெனி பேர் கொஞ்சம் தடித்திருக்கும். அதற்காக ஊர் ஊராக நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அலைவார். அதில் ஒன்றை வைத்துக்கூட அவர் ஒரு படம் எடுத்து யாரும் பார்த்ததில்லை. அப்பாவைக் கொண்டுபோய் நாலு நாள் ஆகவில்லை, துக்கம் கேட்க வந்தவர் அலமாரியைத் திறக்கச் சொல்லிவிட்டார். அண்ணனும் பல்லிளித்துக்கொண்டு திறந்தான். உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள், அப்பா ஞாபகமாக இருக்கட்டும் என்று வாக்கு வேறு கொடுத்துவிட்டான்.

அலமாரி நிறைய இருந்ததை விட்டுவிட்டு அவர் கண் போனது அம்மா மடிக்கு. ஜன்னலோர நாற்காலியில் அம்மா அந்த லென்ஸைக் கையில் வைத்தபடி இருந்தாள். கேட்டார், வாங்கினார். கேட்டவருக்கு இல்லையென்று சொல்லத் தெரியாத ஜென்மம் அம்மா.

தூரம் காட்டும் வளையத்தில் ஆறடிக்கும் ஏழடிக்கும் நடுவே ஒரு சிவப்புப் புள்ளி. எச்சிலுக்கு அது அசையவில்லை. அவர் குரல் தழுதழுத்தது. அப்பா செத்ததற்குக்கூட அப்படித் தழுதழுக்கவில்லை.

“இப்படி ஒரு மார்க்கிங் எந்தப் புத்தகத்துலயும் இல்லப்பா. கம்பெனி சோதனைக்குன்னு செஞ்சதா இருக்கும். இது ஒண்ணு போதும் எனக்கு.”

மகளுக்குக் காது கூசியது. கடைசிக் காலத்தில் அப்பாவுக்குப் பார்வை மங்கி, கேமராவுக்குள் ரெட்டையாகத் தெரியும் உருவத்தை, வளையத்தைத் திருப்பி ஒன்றாக்கித் தூரம் சரிபார்க்க முடியாமல் போனது. வளையத்து எண்களும் தெரியவில்லை. அம்மாவின் நெயில் பாலிஷை எடுத்து ஒரு பொட்டு வைத்தார். சாப்பாட்டு மேசையிலிருந்து இந்த ஜன்னலோர நாற்காலிவரைக்குமான தூரம் அது. கட்டைவிரலில் மேடு தட்டுப்பட்டால் பட்டனை அமுக்க வேண்டியதுதான். அப்புறம் எடுத்த படமெல்லாம் அம்மா, இந்த நாற்காலியில், கொட்டாவி விட்டுக்கொண்டும் அவரைத் திட்டிக்கொண்டும். அவர் போனதிலிருந்து அம்மாவின் விரல் அந்தப் புள்ளியை விட்டு நகரவில்லை.

உண்மையைச் சொன்னால் ஆள் தானாகக் கழன்றுகொள்வார், லென்ஸ் அம்மாவிடமே இருக்கும் என்று மகளுக்குத் தோன்றியது.

“அது கம்பெனி வெச்சது இல்ல மாமா. அம்மாவோட நெயில் பாலிஷ். அப்பா வெச்சது.”

அவர் முகம் சுண்டிப்போனது. அண்ணன் அவளை முறைத்தான். நல்ல லென்ஸை இப்படியா பாழ் பண்ணுவார் உங்கப்பா என்று அவர் அங்கலாய்த்தார். அதோடு விட்டிருக்கலாம். போகிறபோக்கில் ஒரு உபகாரம் பண்ணத் தோன்றிவிட்டது. அவள் கை நீட்டுவதற்குள் புள்ளிக்கடியில் நகத்தைக் கொடுத்து ஒரே நெம்பு.

“இந்தாங்கம்மா. ஒரு கீறல்கூட விழல. புதுசு மாதிரி ஆயிடுச்சு, நீங்களே வெச்சுக்கோங்க.”

நகக்கண்ணில் ஒட்டிய சிவப்பைப் பல்லால் நிமிண்டித் தூவென்று தரையில் துப்பிவிட்டு, இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார். அண்ணன் அவருக்கு நன்றி சொன்னான். மகள் குனிந்து தேடினாள். தரையில் அந்தத் துணுக்கு எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஜன்னலோரத்தில் அம்மாவின் கட்டைவிரல் வளையத்தை ஒரு சுற்று சுற்றி வந்தது. எதுவும் தட்டுப்படவில்லை. சாப்பாட்டு மேசையைப் பார்த்தபடி அவள் மறுபடி முதலிலிருந்து திருப்ப ஆரம்பித்தாள்.