சத்தம் போடாத நாட்கள்

மூக்காண்டியின் மணிக்கட்டு முறிந்த சத்தம் இரும்புக்கடையின் கோடியில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்த ஞானபூரணத்துக்கே கேட்டது. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து இருபது வருஷமாக மண்வெட்டியும் கதவுக் கீலும் வாங்க வருகிற மனிதன். கீலில் துரு இருக்கிறதே என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டான். அவள் புருஷன் சௌந்தரபாண்டியன் சுவரில் சாத்தியிருந்த மண்வெட்டிப் பிடியை எடுத்து விளாசினார். மூக்காண்டி முதல் அடியைக் கையால் தடுத்தான், கை போயிற்று. இரண்டாவது தோளில் விழுந்தது. மூன்றாவது மண்டையில் இறங்குவதற்குள் மகன் சாம்ராஜ் பாய்ந்து பிடியைப் பிடுங்கினான்.

கடை இருந்த திருவேங்கடம் சாலையில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரும்புக்கடை அண்ணாச்சிக்கு வாய்க்கு முன்னால் கை பேசும் என்பது ஊரறிந்த சங்கதி. கட்டுப் போட்டுக்கொண்ட மூக்காண்டியே, "அண்ணாச்சி கோவக்காரரு, மனசுல ஒண்ணும் கிடையாது" என்றான். அடி வாங்கியவனே நற்சான்று கொடுக்கிற ஊரில் யாரைப் போய் நொந்துகொள்வது?

ஞானபூரணத்தைப் பயமுறுத்தியது வேறொன்று. நான்கு நாள் கழித்து மூக்காண்டி கட்டோடு கடைக்கு வந்தபோது அவள் புருஷன் எழுந்து போய் அவன் தோளைத் தொட்டார்.

"ஏலே மூக்காண்டி, கையில என்னலே கட்டு? எங்கயும் விழுந்தியா?"

மூக்காண்டி சிரித்து மழுப்பினான். ஞானபூரணத்துக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பத்து நான்கு வருஷத்தில் அவர் தாம் அடித்த ஒரு அடியைக்கூட மறந்தவர் அல்ல. கல்யாணமான மூன்றாம் வாரம் குழம்பில் உப்புக் கூடியதற்கு அவளை அறைந்தது, பத்தாம் வகுப்பில் தோற்றதற்கு மகனைப் பெல்ட்டால் உரித்தது, எதைக் கேட்டாலும் கிழமையும் காரணமும் சொல்லி, செய்தது சரிதான் என்றும் முடிப்பார். அப்பேர்ப்பட்ட ஆள், தாம் ஒடித்த கையையே முன்பின் அறியாததுபோலப் பார்த்தார். இது பழைய கோபம் இல்லை.

அவள் கலங்க இன்னொரு காரணமும் இருந்தது. அது அவளுக்கு மட்டுமே தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு அவர் கடையில் தலைசுற்றி விழுந்தபோது ஆஸ்பத்திரியில், பிரஷர் இருநூறைத் தொடுகிறது, ஆயுசுக்கும் மாத்திரை போட வேண்டும் என்றார்கள். "எனக்கு என்னட்டி நோவு" என்று மாத்திரை அட்டையைச் சாக்கடையில் எறிந்தார். அவள் மறுபடி வாங்கிப் பொடித்து, கருப்பட்டிக் காப்பியில் அவருக்குத் தெரியாமல் கலந்து கொடுத்தாள். ஆனால் தினமும் அல்ல. காலையில் கழுத்து நரம்பு புடைத்து, குரல் உயர்ந்து வந்தாரானால் அன்றைக்கு மாத்திரை. பேப்பரை விரித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தாரானால் வெறும் காப்பி. நல்லா இருக்கிற மனுஷனுக்கு எதற்கு மருந்து என்பது அவள் எண்ணம். அறுபத்தைந்து தாண்டியதும் அவர் கொஞ்சம் அடங்கினார். மாதக்கணக்கில் அவள்மேல் அடி விழவில்லை. மாத்திரையும் நின்றுபோயிற்று. அவள் வாழ்க்கையில் நிம்மதியாக இருந்தது அந்த ஐந்தாறு வருஷம்தான்.

அவரைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போனார்கள். டாக்டர் வித்யாலட்சுமி ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார்.

"இந்த வெள்ளைப் புள்ளியெல்லாம் பாருங்க. மூளைக்குள்ள போற சின்னச் சின்ன ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. ஒவ்வொண்ணும் ஒரு குட்டி ஸ்ட்ரோக். வலியே தெரிஞ்சிருக்காது. வருஷக்கணக்கா பிரஷர் இடிச்சு இடிச்சுக் குழாயெல்லாம் கெட்டுப்போச்சு. ஞாபகம் போகுது, கோபத்தைப் பிடிச்சு நிறுத்துற இடமும் போயிடுச்சு. பிரஷர் மாத்திரை தினமும் போட்டாரா?"

"போட்டாரு" என்றாள் ஞானபூரணம். பக்கத்தில் சாம்ராஜ் நின்றுகொண்டிருந்தான்.

அவன் மருந்து வாங்கப் போனதும் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "எங்க பக்கத்து வீட்டுல ஒருத்தி, வீட்டுக்காரரு கோவப்படுத அன்னைக்கு மட்டும் மாத்திரை கொடுக்கா. அது போதாதோ?"

டாக்டர் அவள் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். "போதாதும்மா. பிரஷர் சத்தம் போடாது. மனுஷன் சிரிச்சுப் பேசிட்டு இருக்கும்போதும் உள்ளே அது பாட்டுக்கு இடிச்சிட்டுத்தான் இருக்கும். தினமும் கொடுக்கச் சொல்லுங்க. போனது வராது. மிச்சத்தையாவது காப்பாத்தலாம்."

ஊர் திரும்பும் பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் தூங்கினார். சாம்ராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "மூளையில நோவாம்லா. யாருகிட்ட கதை விடுதாங்க? இவரு பொறந்ததுல இருந்தே இப்படித்தான். இனி ஒரு தடவை கை வைக்கட்டும், அப்பான்னு பாக்க மாட்டேன்."

சொன்னால் செய்கிறவன். அப்பன் கை அப்படியே அவனுக்கு வாய்த்திருந்தது. நோய் நிஜம்தான், அதை வளர விட்டவளே நான்தான் என்று சொன்னால் ஒருவேளை நம்புவான். பிறகு பெற்ற தாயின் முகத்தில் விழிப்பானா? அன்றிலிருந்து ஞானபூரணம் தினமும் மாத்திரை கொடுத்தாள், தினமும் பயந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்து, கடைக்கு மேலே இருந்த வீட்டில் சாம்ராஜ் பீரோவைத் திறந்து துணி எடுத்துக்கொண்டிருந்தான். கட்டிலில் இருந்த சௌந்தரபாண்டியன், "களவாணிப் பயலே" என்று எழுந்தார். கட்டிலடியில் ஒரு இரும்புக் குழாய்த் துண்டை எப்போது கொண்டுவந்து வைத்தாரோ, அது சாம்ராஜின் காதோரம் இறங்கியது. காது கிழிந்து வெள்ளைச் சட்டை சிவப்பாயிற்று.

அவன் குழாயைப் பிடுங்கி எறிந்தான். அப்பாவைச் சுவரோடு சேர்த்து நெஞ்சைப் பிடித்து நிறுத்தி, வெறுங்கையால் முகத்தில் குத்தினான்.

"இது பத்தாங்கிளாசுக்கு. இது அம்மையைப் படியில உருட்டி விட்டதுக்கு."

உதடு கிழிந்தது. பல் ஒன்று தரையில் தெறித்தது. கிழவர் சரிந்து விழுந்த பிறகும் விலாவில் மிதித்தான். இத்தனை வருஷம் தேக்கி வைத்திருந்ததை ஒரே மூச்சில் இறக்குகிறவன் மாதிரி மிதித்தான். கொல்லப்போகிறான் என்று ஞானபூரணத்துக்குத் தெரிந்தது. அந்த மிதியைப் பார்க்க ஒரு நொடி அவளுக்கு இனித்தது என்பதும் நிஜம். அந்த நொடிக்காகத் தன்னையே வெறுத்தாள். ஓடிப் போய் அவர்மேல் குப்புற விழுந்தாள்.

"அடிக்காதல மக்கா. அவரு தெரிஞ்சு செய்யல. அவரு மூளையைக் கெடுத்தது நான்தான். கோவப்பட்ட அன்னைக்கு மட்டுந்தான் மாத்திரை கொடுத்தேன். சும்மா இருந்த நாள்லாம் கொடுக்கல. டாக்டர்ட்ட பொய் சொன்னேன். அடிக்கதுன்னா என்னைய அடி."

சாம்ராஜ் நின்றான். அவளைத் தூக்கி நிறுத்தினான். அவன் முகம் கோணியது. கையை ஓங்கினான், அது இறங்கியும் விட்டது. பெற்ற பிள்ளை அடித்த முதல் அடி. அவள் பீரோவில் மோதிக் கீழே உட்கார்ந்தாள். அவன் தன் கையையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தரையில் கிடந்த சௌந்தரபாண்டியன் கட்டிலைப் பிடித்து எழுந்தார். இடது காலை இழுத்துக்கொண்டு வந்து இருவருக்கும் நடுவில் நின்றார். வாயிலிருந்து இரத்தம் பனியனில் சொட்டிக்கொண்டிருந்தது.

"எவன்லே நீ? பொம்பளைப்பிள்ளைய கை நீட்டி அடிக்க? வெக்கமா இல்ல?"

பிறகு திரும்பி, அவள் ஒருநாளும் கேட்டிராத குரலில், "நீ யாரு தாயி? பயப்படாத. என் பின்னால வந்து நின்னுக்கோ. நான் இருக்க மட்டும் உன்னைய ஒருத்தன் தொட மாட்டான்" என்றார்.

அவர் பனியனைப் பிடித்து உலுக்கி, என்னைய இத்தனை வருஷம் அடிச்சது நீங்கதான், நீங்கதானே என்று கத்த வேண்டும் போல இருந்தது. அதைக் கேட்டுக்கொள்ள அந்தப் பழைய மனிதர் அங்கே இல்லை. ஞானபூரணம் எழுந்து போய் அந்த முதுகுக்குப் பின்னால் நின்று அழுதாள். அந்த வீட்டில் அவளுக்காக ஒரு ஆள் குறுக்கே வந்து நின்றது அதுதான் முதல் தடவை.