கேபிளில் மூன்று இழுப்பு

எதிர்வீட்டுக்காரர் தன் வீட்டின் மேல் இன்னொரு மாடி எழுப்பிய நாளிலிருந்து இந்த வீட்டு டிவிக்குப் பேய் பிடித்துவிட்டது. செய்தி வாசிப்பவரின் முகம் கட்டம் கட்டமாக உடையும். மூக்கு ஒரு பக்கம் நிற்கும், வாய் இன்னொரு பக்கம் பேசிக்கொண்டிருக்கும். பந்தை அடிக்கக் கால் தூக்கிய ஆட்டக்காரர் தூக்கிய காலோடு அப்படியே உறைந்துவிடுவார். அவர் மறுபடி அசைவதற்குள் கோல் விழுந்து, கட்டிப்பிடித்துக் கொண்டாடியும் முடித்திருப்பார்கள்.

இதில் ரொம்ப நொந்துபோனவர் மாமனார். வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர். முட்டி தேய்ந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகு வீட்டை ஓட்டிக்கொண்டிருந்தார். கண்ணும் மங்கிவிட்டது, ஆனால் அதை அவரிடம் சொல்லிவிட முடியாது. "இருட்டுல ஹெட்லைட் இல்லாம ஓட்டினவன்டா நான்" என்று ஆரம்பித்துவிடுவார். இன்னொன்று, சரியான ஓட்டைவாய். மருமகள் பாலைப் பொங்கவிட்டால், மகன் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சேதி வாசலுக்குப் போய்விடும். மருமகள் பக்கம் அவர் ஒரு தடவைகூடப் பேசியதாகச் சரித்திரம் இல்லை.

மகன் லேத் பட்டறையில் வேலை. இரும்பு கடைகிற சத்தத்தில் காது பாதி போய்விட்டது. பிடிவாதம் மட்டும் முழுசாக இருந்தது. ஒரு காரியம் முடியாது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அதை முடிக்காமல் தூங்கமாட்டார்.

மருமகள் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட், சீருடை தைப்பவள். ஆன்டெனா திருப்புகிற வேலையில் அவள்தான் கீழ் ஆள். ஆரம்பத்தில் கணவர் மொட்டை மாடியில் கம்பத்தைத் திருப்புவார், இவள் ஜன்னலில் நின்று "வருது! போச்சு! வருது!" என்று கத்துவாள். அவருக்கு மட்டும் கேட்காது, தெருவுக்கே கேட்கும். மறுநாள் காய்கறி வாங்கப் போனால், "என்னம்மா, வந்துச்சா, போச்சா?" என்று கிண்டல். மானம் போகிறதென்று அவர்தான் இந்த வழியைக் கண்டுபிடித்தார். ஆன்டெனாவிலிருந்து ஜன்னல் வழியாக உள்ளே இறங்கும் கேபிளைப் பிடித்து இழுக்க வேண்டும். ஒரு இழுப்பு என்றால் இன்னும் கொஞ்சம் திருப்பு. இரண்டு என்றால் படம் சுத்தம், அங்கேயே கட்டு. மூன்று என்றால் மோசம், பழைய இடத்துக்கே போ.

அன்றைக்குச் சாயங்காலம் வரை கரண்ட் இருக்காது என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். அதைக் கேட்டதும் அவர் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டார். எதிர்மாடிக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சந்துவழியாகத்தான் சிக்னல் வரும் என்று அவர் கணக்கு. அதைப் பிடிக்க ஒரே இடம், மொட்டை மாடியின் தெருவோர மூலை. அந்த மூலைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் மின்கம்பி போகிறது. மேலே உறைகூட இல்லாத வெறும் கம்பி.

"வேணாங்க. கம்பிகிட்ட இரும்புக் கம்பத்தை வச்சுக்கிட்டு..." என்றாள் அவள்.

"அதுக்குத்தானே கரண்ட் இல்லாத நாளா பார்த்திருக்கேன். கரண்ட் போன கம்பி வெறும் கொடிக்கயிறு. அதுல துணிகூடக் காயப்போடலாம்."

"படம் பார்க்கக் கரண்ட் வேணுமே?"

"இன்வெர்ட்டர் எதுக்கு இருக்கு? டிவி அதுல ஓடும். பயப்படாதே" என்று சொல்லிவிட்டுப் பின்பக்க ஏணியில் ஏறிப்போனார்.

கூடத்தில் இன்வெர்ட்டரின் தயவில் டிவியும் ஒரு விளக்கும் ஓடின. சமையலறையில் ஃப்ரிட்ஜ் செத்துக் கிடந்தது. அவள் ஜன்னலோரம் கேபிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமனார் டிவிக்கு மூக்கு முட்டும் தூரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தார். கேபிள் அவர் தோளை உரசிக்கொண்டுதான் போனது.

மேலே கம்பம் இழுபடும் சத்தம் கேட்டது. புதிதாக இன்னொரு குழாயைச் சேர்த்துக் கம்பத்தை நீளமாக்கியிருந்தார். கைப்பிடிச் சுவருக்கு மேல் அதன் நுனி ஆடி ஆடி வருவதை ஜன்னல்வழியே அவள் பார்த்தாள். அடுத்த நிமிடமே பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. நுனி கம்பிக்கு மிகப் பக்கத்தில் இருந்தது.

ஒரு இழுப்பு இழுத்தாள். நுனி கொஞ்சம் திரும்பியது. இன்னொன்று இழுத்தாள்.

திடீரென்று டிவியில் உடைந்து கிடந்த கட்டங்களெல்லாம் ஒன்றுசேர்ந்தன. பச்சைப் புல், வெள்ளைக் கோடு, ஆட்டக்காரரின் நெற்றியில் வியர்வை. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலப் படம்.

"அடேயப்பா!" மாமனார் நாற்காலியில் துள்ளினார். "சட்டையில இருக்கிற நம்பர்கூடத் தெரியுதும்மா! ஏம்மா, என்ன மரமாட்டம் நிக்கிறே? இழு, ரெண்டு தடவை இழு!"

அவளுக்குக் கை வரவில்லை. அந்த மூலையில் கம்பம் நிரந்தரமாக நிற்கப்போகிறது என்ற நினைப்பே பிடிக்கவில்லை. அவள் தயங்கிக்கொண்டிருக்கும்போதே மாமனார் தோளருகே இருந்த கேபிளைப் பிடித்து வெடுக் வெடுக்கென்று இரண்டு இழுப்பு இழுத்துவிட்டார்.

மேலே காலடிச் சத்தம் நின்றது. கட்டுக்கம்பியை எடுக்கிறார் போலிருக்கிறது.

அப்போதுதான் சமையலறையில் ஃப்ரிட்ஜ் உம்மென்று உயிர்பெற்றது.

மற்ற நாட்களில் அந்தச் சத்தத்துக்கு "அப்பாடா, வந்துடுச்சு" என்பாள். இன்றைக்கு அவள் சட்டென்று திரும்பினாள். இன்வெர்ட்டரைப் பார்த்தாள். சிவப்பாக இருந்த விளக்கு பச்சையாகிவிட்டது. சாயங்காலம் என்று சொன்ன கரண்ட் மதியமே வந்துவிட்டது. மேலே இருக்கும் மனிதர் அது கொடிக்கயிறு என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.

"என்னங்க! கரண்ட் வந்துடுச்சு! என்னங்க!"

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினாள். தெருவில் போன ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். மேலே இருப்பவருக்கு அது எட்டவில்லை. பின்பக்கம் ஓடி, ஏணியில் ஏறி, மாடியைக் கடந்து போவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கம்பத்தின் நுனி மெதுவாகக் கம்பியை நோக்கிச் சாய ஆரம்பித்திருந்தது.

கையில் கேபிள் இருந்தது. கம்பம் கம்பியில் பட்டால் அந்தக் கரண்ட் இதே கேபிள்வழியாக இறங்கி அவளையும் பிடிக்கும். ஒரு நொடி விரல்கள் தாமாகவே கேபிளை விட்டன. அந்த ஒரு நொடிக்காக அவள் தன்னை அப்புறம் ரொம்ப நாள் திட்டிக்கொண்டாள்.

மறுபடி பிடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். ஒன்று. இரண்டு. இரண்டோடு நின்றால் அங்கேயே கட்டு என்று அர்த்தம். மூன்றாவது தப்பிவிடுமோ என்று பயந்து, உடம்பையே பின்னால் சாய்த்து இழுத்தாள். மூன்று.

"பைத்தியமா உனக்கு? நல்லா வந்துக்கிட்டிருக்கிற படத்தை..." என்று மாமனார் கத்தினார்.

"மாமா, கரண்ட் வந்துடுச்சு."

ஃப்ரிட்ஜ் சத்தம் அவருக்கும் கேட்டது. கேபிளைப் பிடித்து இழுத்த தன் கையையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜன்னலுக்கு வெளியே நுனி சாய்வதை நிறுத்தியது. யோசிப்பதுபோல் அப்படியே ஆடியது. பிறகு மெல்ல நிமிர்ந்து, கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் போய் மறைந்தது. டிவியில் ஆட்டக்காரரின் முகம் மறுபடி உடைந்தது.

கணவர் ஏணியிலிருந்து இறங்கி வந்தபோது முகம் கடுகடுவென்றிருந்தது. "ரெண்டு இழுத்துட்டு அப்புறம் மூணு இழுக்கிறே. என்ன விளையாட்டா? கை மரத்துப்போச்சு. கட்டுறதுக்கு ரெண்டு கையும் வேணுமேன்னு கம்பத்தைக் கம்பிமேல சாய்ச்சு வைக்கப் போனேன். தொட இன்னும் ஒரு முழம்கூட இல்லை. அதுக்குள்ள இழுக்கிறே."

அவள் கையை நீட்டி இன்வெர்ட்டரைக் காட்டினாள்.

அவர் பச்சை விளக்கைப் பார்த்தார். சமையலறைப் பக்கம் பார்த்தார். பிறகு தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தையல் மிஷினைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தாள். பாதி சட்டையில் கொட்டியது.

வெகுநேரம் கழித்து அவர் ஜன்னலுக்கு வெளியே அந்த மூலையை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். எத்தனையோ இரவு தூக்கத்தைக் கெடுத்த பார்வை.

"அது சரி," என்றார். "அந்த மூலையில படம் எப்படி வந்துச்சு?"

ஃப்ரிட்ஜ் சத்தத்தைக் கேட்டபோதுகூட அவளுக்கு இப்படித் தூக்கிவாரிப்போடவில்லை. உண்மையைச் சொன்னால் போச்சு. அடுத்த தடவை கரண்ட் ஆபீசில் கேட்டுவிட்டு ஏறுவார். அதற்கடுத்த தடவை கேட்காமல் ஏறுவார். இவள் எத்தனை தடவைதான் சரியான நேரத்தில் இழுப்பாள்?

"வரல," என்றாள். குரல் அவளுக்கே பொய்யாகக் கேட்டது.

"வரலையா? அப்புறம் ஏன் ரெண்டு தடவை இழுத்தே?"

அவள் மாமனாரைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். சட்டை நம்பரைப் பார்த்துத் துள்ளிய மனிதர். வாயில் ஒரு சேதி தங்காத மனிதர். அவர் தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்டதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவ இழுக்கலடா. நான்தான் இழுத்தேன்," என்றார் மாமனார். "படமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எல்லாம் கட்டம் கட்டமாத்தான் ஓடுச்சு. எனக்கு எங்கடா கண்ணு தெரியுது?"

மகன் அப்பாவையே பார்த்தார். அந்த வீட்டில் அப்பா வாயிலிருந்து அந்த வார்த்தையை அதுவரை யாரும் கேட்டதில்லை.

"பழைய இடத்துலயே கட்டிடு. எனக்கு இதே போதும்."

டிவியில் ஆட்டக்காரர் தூக்கிய காலோடு உறைந்து நின்றார். படம் மறுபடி ஓட ஆரம்பித்தபோது எல்லாரும் கட்டிப்பிடித்துக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். யார் கோல் போட்டது என்று மாமனார் கேட்கவில்லை. இழுத்த கையை இன்னொரு கையால் அழுத்திப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.