டோக்கனம்மா செய்த ஐந்து கொலைகள்

பல் டாக்டரின் கிளினிக்கில் பதினெட்டு வருஷமாக டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தவள் ஐந்து பேரைக் கொன்றுவிட்டாள். காகிதத்தில்தான். ஆனால் அந்தச் சின்ன ஊரில் யாரும் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஊருக்கு அவள் டோக்கனம்மா. உள்ளே மிஷின் 'ங்ங்ங்' என்று சுற்றும்போது வெளியே பெஞ்சில் இருப்பவர்களின் முகம் போகிற போக்கைப் பார்த்துப் பார்த்தே, பயம் என்றால் என்னவென்று அவளுக்குப் பாடமாகிவிட்டது. இரண்டு டோக்கனுக்கு நடுவில் கிடைக்கிற நேரத்தில், பழைய அப்பாயின்ட்மென்ட் டைரிகளின் காலிப் பக்கங்களில் எழுதினாள். ஒரு சின்ன ஊர், ஐந்து கொலை, ஒவ்வொரு பிணத்திலும் ஒரு கடைவாய்ப்பல்லைக் காணோம். கொலைகாரன் ஒரு மாட்டு டாக்டர். துப்பறிவது ஒரு பெண் இன்ஸ்பெக்டர். 'கடைவாய்ப்பல்' என்றே பெயர் வைத்து ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினாள். அவர்கள் அதை அச்சடித்து, அட்டையில் ரத்தம் சொட்டச் சொட்டப் படம் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

முதலில் படித்தது வீட்டுக்காரர். கதையில் இரண்டாவது ஆள் டீயில் யாரோ கலந்த விஷத்தால் சாகிறான். அதைப் படித்த மறுநாளிலிருந்து அவர் தன் டீயைத் தானே போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்.

அடுத்து வந்தவர் பக்கத்து மருந்துக்கடைக்காரர். கவுன்ட்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மூணாவது அத்தியாயத்துல சாகறது நான்தானே?"

"ஐயோ, அது துணிக்கடைக்காரர்ங்க!"

"அதெல்லாம் மாத்தித்தான் எழுதுவீங்கன்னு எனக்குத் தெரியாதா? காதுல பேனா சொருகியிருக்கான்ல?" அவர் தன் காதிலிருந்த பேனாவை எடுத்துக் காட்டினார். "பரவாயில்ல. ஆனா இன்னும் ரெண்டு பக்கம் போராடியிருப்பேன். பொசுக்குனு சாகற ஆளா நானு?"

கோபமாக வந்திருக்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அன்று மாலையே அவர் புத்தகத்தை இருமல் மருந்துக்குப் பக்கத்தில் கண்ணாடிக்குள் வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் "இதுல சாகறது நான்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

உண்மையிலேயே கோபப்பட்டவர் எதிர்க்கடை போட்டோ ஸ்டூடியோக்காரர். "பதினெட்டு வருஷமா உங்களுக்கு எதிர்லயே இருக்கேன். நேத்து கடை போட்டவனையெல்லாம் கொன்னிருக்கீங்க. எனக்கு ஒரு சின்னக் குத்துகூடக் கிடையாதா?" கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு. அடுத்த புத்தகத்தில் முதல் கொலையே அவர்தான் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் படியிறங்கினார்.

டோக்கனம்மா பயந்தது வேறொரு ஆளுக்கு. பல் டாக்டர். சனிக்கிழமை புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனவர் திங்கட்கிழமை வாயே திறக்கவில்லை. 'கொலைகாரனை டாக்டராகப் போட்டுத் தொலைத்துவிட்டோமே, மாட்டு டாக்டர் என்றாலும் டாக்டர்தானே' என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். மத்தியானம் கடைசி நோயாளி போனதும் உள்ளே கூப்பிட்டார். புத்தகம் கத்திரி, இடுக்கிகளோடு தட்டில் கிடந்தது.

"நூத்திப் பதினாறாம் பக்கம்" என்றார். "மரத்துப்போற ஊசி போட்டு ஒருத்தனைக் கொல்றீங்க. அந்த அளவுக்கு ஆள் சாகமாட்டான்மா. ஒரு மணி நேரம் கன்னம் வீங்கின மாதிரி இருக்கும், அவ்வளவுதான். இத்தனை வருஷம் இங்க இருந்துட்டு இப்படி எழுதினா, வெளியில என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"அடுத்த பதிப்புல திருத்திடறேன் டாக்டர்."

"திருத்துங்க. ஆனா அந்த இன்ஸ்பெக்டரம்மா பிரமாதம். உங்க அக்காவை அச்சு அசலா இறக்கிட்டீங்களே!"

டோக்கனம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். அக்காவா?

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டினாள். இன்ஸ்பெக்டர் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் ஜன்னல் விளிம்பில் விரலால் தேய்த்துத் தூசி பார்க்கிறாள். யாரை விசாரித்தாலும், "நான் ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்கமாட்டீங்களே?" என்று ஆரம்பித்து, தப்பாக எடுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லாத ஒன்றைக் கேட்கிறாள். செருப்பைக் கழற்றுகிற விதம், தும்மல், கைப்பையை மார்போடு அணைத்துக்கொள்வது, எல்லாம் அக்கா. முன்னூற்றிருபது பக்கமும் அக்கா. தன் கையால் எழுதியது தனக்கே தெரியாமல் போயிருக்கிறது!

அக்காவோடு பேச்சு நின்று இரண்டு வருஷமாகியிருந்தது. மூன்று தெரு தள்ளித்தான் வீடு. ஒரு நாள் வீட்டுக்கு வந்தவள் மேஜை மேலிருந்த டைரியை எடுத்து நாலு பக்கம் படித்துவிட்டு, "உனக்கெதுக்குடி இந்த வேலை? ஒழுங்கா டோக்கன் குடு, போதும்" என்றாள். இவள் பதிலுக்கு என்னென்னவோ சொன்னாள். அதோடு சரி. அப்புறம் எல்லாம் மாமா மூலம்தான். பாவம், அக்கா வீட்டுக்காரர் கிளினிக் வாசலில் வந்து நின்று, "பிரஷர் மாத்திரை ஒழுங்கா போடறியான்னு உங்கக்கா கேக்கச் சொன்னா. அவ கேட்டதாச் சொல்லக் கூடாதுன்னும் சொன்னா" என்பார்.

அந்த வாரம் வந்த மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. "உங்கக்கா படிச்சு முடிச்சுட்டா. ஒண்ணுமே சொல்லலை. ரெண்டு நாளா வீடு அமைதியா இருக்கு. எனக்குப் பயமா இருக்கும்மா."

வியாழக்கிழமை அக்காவே வந்துவிட்டாள்.

பெஞ்சில் மருந்துக்கடைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் ஊசி போட்டுக்கொண்டு, மரத்துப்போகட்டும் என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா நேராகக் கவுன்ட்டருக்கு வந்தாள்.

"பேரு?" என்று கேட்டுவிட்டாள் டோக்கனம்மா. வாய்க்கு அது பழகிப்போயிருந்தது.

"நம்ம அப்பா வெச்சதுதான். எழுது."

"என்ன தொந்தரவு?"

"பல்லுதான். வேற எதுக்கு இங்க வருவாங்க?"

டோக்கனம்மா பதினொன்று என்று எழுதிய சீட்டை நீட்டினாள். அக்கா அதை வாங்கிக்கொண்டு நகரவில்லை. கைப்பைக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்தாள். பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு, நாற்பது இடத்தில் துண்டுச் சீட்டு செருகியிருந்தாள்.

"நான் ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்கமாட்டியே?"

பெஞ்சிலிருந்த மூன்று பேரும் கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டு ஒரே நேரத்தில் திரும்பினார்கள். மூன்று பேரும் புத்தகத்தைப் படித்தவர்கள்.

"கேளு."

"அந்த இன்ஸ்பெக்டர் எதுக்குத் தனியா சாப்பிடறா?"

டோக்கனம்மா எதிர்பார்த்துப் பதில் வைத்திருந்த கேள்விகளில் இது இல்லை. "கதைக்கு அப்படி..."

"என்ன கதை? ஒவ்வொரு கொலைக்கும் அப்புறம் வீட்டுக்குப் போறா, லைட்டைப் போடறா, சமையல்கட்டுல நின்னுக்கிட்டே சாப்பிடறா. ஒரு போன்கூட வரமாட்டேங்குது. அவளுக்குக் கூடப் பொறந்தவங்க யாருமே இல்லையா?"

"ஒரு தங்கச்சி இருக்கா" என்றாள் டோக்கனம்மா. "எழுதலை. பேச்சுவார்த்தை இல்ல."

"யார் மேல தப்பு?"

"இன்னும் கண்டுபிடிக்கலை."

"அஞ்சு கொலையைக் கண்டுபிடிச்சவளுக்கு இது முடியலையா?"

"அவளுக்கு மத்தவங்க தப்பு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்."

மருந்துக்கடைக்காரர் களுக்கென்று சிரித்தார். அக்கா திரும்பிப் பார்த்ததும் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

அக்கா புத்தகத்தின் மூலையை நிமிண்டிக்கொண்டே நின்றாள். "அடுத்த புத்தகத்துல அந்தத் தங்கச்சியை வையி" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "அன்னிக்கு நான் டோக்கன் அது இதுன்னு சொன்னேன் பாரு... அது வந்து..."

வாழ்க்கையில் அக்கா யாரிடமும் மன்னிப்புக் கேட்டு டோக்கனம்மா பார்த்ததில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். பெஞ்சும் காத்திருந்தது.

"பதினொண்ணு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எனக்குப் பல்லு நல்லாத்தான் இருக்கு டாக்டர், பேசத்தான் வந்தேன்" என்றாள் அக்கா.

டாக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அக்காவை அடையாளம் கண்டுகொண்டதும் அவர் முகம் மலர்ந்தது. "இன்ஸ்பெக்டரம்மாவா! வாங்க வாங்க. டோக்கன் வாங்கினா வாயைத் திறந்தே ஆகணும். சும்மா ஒரு பார்வை."

சும்மா பார்த்ததில் கடைசிப் பல் சொத்தை என்று தெரிந்தது. இன்றைக்கே எடுத்துவிடுவது நல்லது என்றார். இருபது நிமிஷம் கழித்து அக்கா வெளியே வந்தபோது ஒரு கன்னம் மரத்துத் தொங்கியது. வாயில் பஞ்சு. "முக்கால் மணி நேரம் நல்லா கடிச்சுக்கணும், ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, "நீங்களே வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டு வாங்கம்மா" என்றார்.

தெருவில் இரண்டு பேரும் மெதுவாக நடந்தார்கள். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "ம்ம்" என்றுதான் வந்தது.

பிறந்ததிலிருந்து அக்கா பேசி முடிக்கக் காத்திருந்தவள் டோக்கனம்மா. இப்போது முக்கால் மணி நேரம் முழுசாக அவள் கையில் கிடைத்திருக்கிறது. ஆரம்பித்தாள். சண்டை போட்ட அன்று ராத்திரியே எல்லா டைரியையும் கிழிக்கப் போனது, வீட்டுக்காரர் பிடுங்கிப் பரணில் போட்டது, முதல் கொலையைக் கோபத்தில் எழுதியது, அதில் செத்தவளுக்கு அக்காவின் புடவையைக் கட்டிவிட்டு அப்புறம் மனசு கேட்காமல் வேறு புடவை மாற்றியது, எல்லாவற்றையும் சொன்னாள். மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை என்பதையும் சொன்னாள். அதற்கு மட்டும் அக்கா நின்று முறைத்தாள்.

மூன்று தெரு போதவில்லை. அக்கா வீட்டைத் தாண்டிப்போய் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். மாமா மாடியிலிருந்து பார்த்துவிட்டு, சண்டையா சமாதானமா என்று புரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

வாசலில் அக்கா கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்தாள். பதினோராம் நம்பர் சீட்டின் பின்பக்கத்தில் எழுதித் தங்கையின் கையில் திணித்தாள்.

'புதுசில் யாரை வேண்டுமானாலும் கொல். தங்கச்சி சாகக் கூடாது.'